சித்ரகலா பார்த்து எடுத்த மெஷின்

பதினாலு வருஷமாக அடுத்தவர்கள் தைத்த பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சித்ரகலாவுக்கு, தானும் ஒரு தையல் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. நேரம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் டீ வந்திருந்தது, அதைக் குடிக்கவே மறந்துபோனாள்.

பெருமாநல்லூர் ரோட்டில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடிந்த டி-சர்ட்டுகள் மேஜையில் குவியல் குவியலாக வந்து விழும். ஒவ்வொன்றையும் விரித்துப் போட்டு கழுத்து, தோள், கை, பக்கம், அடி என்று விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, ஆல்ட்டர் என்று ஒதுக்கிவிட வேண்டும். அது தைத்தவரிடமே திரும்பிப் போகும். சித்ரகலாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ்கூடப் போகாது என்று மேனேஜர் வரைக்கும் பேச்சு உண்டு.

அன்றைக்குப் பொன்னாத்தாள் தைத்த பீஸ் வரிசையாக ஆறு திரும்பிப் போயின. ஆறிலும் கழுத்துப் பட்டி வந்து சேர்கிற இடத்தில் ஒரே மாதிரி சுருக்கம். பொன்னாத்தாள் குன்னத்தூர்ப் பக்கத்துக்காரி. சித்ரகலாவைவிட எட்டு வயது மூத்தவள், அதிர்ந்து பேசாதவள். ஆறு பீஸையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டாள்.

“ஏன் அம்மிணி, இத்தன வருசமா எங்க தப்பையெல்லாம் புடிக்கறீங்களே, ஒரு நாளைக்காச்சும் மிசின்ல உக்காந்து பாத்திருக்கறீங்களா? உக்காந்து பாருங்க. அப்பறம் ஒட்டுங்க ஸ்டிக்கரை.”

கொங்குக்காரர்கள் குத்தினால்கூட மரியாதையோடுதான் குத்துவார்கள். ஆனாலும் குத்து குத்துதான். பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சித்ரகலா கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைக் கீழே வைத்தாள். கோபம் வந்திருந்தால் இன்னொன்றை ஒட்டியிருப்பாள். வந்தது கோபமில்லை. பொன்னாத்தாள் சொன்னது கிட்டத்தட்ட அத்தனையும் உண்மை.

உண்மையில் அவள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது மோட்டாரில் ஓடுகிற ஒரு பவர் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, மெதுவாகத்தான் காலை வைத்தாள். துணியைப் பிடுங்கிக்கொண்டு மெஷின் ஓடிய ஓட்டத்தில், விரல் ஊசிக்குள் போய்விட்டதென்றே நினைத்து எழுந்து ஓடிவந்துவிட்டாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பக்கமே அதற்கப்புறம் போகவில்லை.

சாயங்காலம் அங்கேரிபாளையத்து லைன் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

“என்னங்க, நான் தையல் பழகலாம்னு இருக்கேன். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கணும்.”

பாண்டித்துரை குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவன் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வெட்டிய பனியன் துண்டுகளை ஓரம் சேர்த்து மூட்டுபவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பஸ் ஏறி வந்தவன். இருபத்திரண்டு வருஷமாக மெஷின் சத்தத்துக்குள்ளேயே இருப்பவன். அந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் இல்லை என்பதை அன்றுதான் இரண்டு பேருமே யோசித்துப் பார்த்தார்கள். கிழிந்த துணியைக்கூட அவன் கம்பெனிக்குக் கொண்டுபோய் ஒரு ஓட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

“இதக் கேக்க ஒனக்கு இத்தன வருசமா?” துண்டைக் கொடியில் வீசினான். “வாங்கிப்புடலாம். போனஸ் காசு அப்படியே கெடக்கு. என் சேக்காளி ஒருத்தன் இருக்கான். பழைய கம்பெனி மெஷின் நெறையா அவன் கைக்கு வரும். டேபிளோட, மோட்டாரோட, அப்படியே எடுத்துக்கலாம். இந்தக் கட்டிலத் தூக்கி நிமுத்தி வச்சிட்டா எடம் கெடச்சிரும்.”

“கட்டில நிமுத்தி வச்சிட்டு எங்க படுக்க?”

“கீழ படுக்க வேண்டியதுதான்.”

“பவர் மெஷின் வேணாங்க. எனக்கு அதக் கண்டாலே பயம்.”

“பயமெல்லாம் ரெண்டு நாளு. மூணாவது நாளு நீயே மிதிமிதின்னு மிதிப்ப. வாங்குறதுதான் வாங்குறோம், வேலைக்கு ஆகுற மாதிரி வாங்கணும்ல?”

அவள் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி மெஷின். விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்.

“இது பொம்மை,” என்றான் பாண்டித்துரை. “தாவணி நுனியக்கூட இது தாண்டாது.”

அதில் அவளுக்கும் சந்தேகம் இருந்ததால் போனை வைத்துவிட்டாள். ஆனால் அவன் அன்றைக்கே சேக்காளிக்குப் போன் போட்டு, சர்வோ மோட்டாரா, கிளச் மோட்டாரா என்று அரைமணி நேரம் பேசினான். அவள் கேட்டது தனக்கு ஒரு மெஷின். அவன் பேசிக்கொண்டிருந்தது வேறு ஏதோ. இருந்தாலும் அவ்வளவு உற்சாகமாக அவன் பேசிப் பார்த்து நாளாகிவிட்டது. அதனால் அவள் குறுக்கே பேசாமல் குழம்பைக் கிண்டினாள். ஒன்று மட்டும் சொன்னாள்: “எதுவானாலும் நான் பாத்துத்தான் வாங்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் நூர்ஜானின் மெஷின் கடை இருக்கிறது. பெரிய கடையில்லை. முன்பக்கம் மெஷின்கள், பின்பக்கம் ரிப்பேர். ரிப்பேர் அவள் வீட்டுக்காரர் கியாசுதீன் பார்ப்பது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எப்போதும் ஏதாவது ஒரு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருப்பார். விற்பது முழுக்க நூர்ஜான். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடியைத் தலை முக்காட்டுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாள்.

“வாங்க, வாங்க. உக்காருங்க. மெசினுங்களா? யாருக்குங்க?”

“வேலைக்குங்க,” என்றான் பாண்டித்துரை.

“எனக்குக்கா,” என்றாள் சித்ரகலா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நூர்ஜான் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சித்ரகலாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

“முன்ன தச்சிருக்கறீங்களா?”

“இல்லக்கா. ஒண்ணுமே தெரியாது. செக்கிங்ல இருக்கேன். இவுகதான் டெய்லர்.”

“அப்ப சாரு கொஞ்சம் அந்த ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும். நாம பாத்துக்கலாம்.”

பாண்டித்துரை உட்காரவில்லை. நேராக பவர் மெஷினிடம் போய் மோட்டாரைத் தட்டிப் பார்த்தான். “இதுல ஸ்பீட கொறச்சு வச்சுக்கலாம் கலா. ஒக்காந்து பாரு.”

நூர்ஜான் மறுப்புச் சொல்லவில்லை. மேஜை டிராயரிலிருந்து கோடு போட்ட நோட்டுத் தாள் நாலைந்து எடுத்தாள். ஊசியில் நூலைக் கோர்க்காமல், வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போக வேண்டும் என்றாள். துணியும் நூலும் அப்புறம்.

சித்ரகலா வேகத்தைக் குறைத்து வைத்த பவர் மெஷினில் உட்கார்ந்து காலை வைத்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தாள் விர்ரென்று முன்னால் போய்க் கிழிந்தது. இரண்டாவது தாளிலும் கோடு ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். மூன்றாவதில் கொஞ்சம் தேவலை. ஆனால் அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

அடுத்தது கரண்டில் ஓடும் வெள்ளை நிற மெஷின். தூக்கினால் பெட்டி மாதிரி கையோடு வரும். முன்னால் ஒரு திருகு, அதைச் சுற்றி இருபது வகைத் தையல் படம் போட்டிருந்தது. பூத்தையல், காஜா, வளைவு. இதில் கோடு ஓரளவு நேராகவே வந்தது. பாண்டித்துரைக்கும் இது பரவாயில்லை என்று பட்டது.

“இது மோசமில்லீங்க. நல்லாத்தான் ஓடும்,” என்றாள் நூர்ஜான். “ஆனா ஒண்ணு சொல்றேன். இதை வாங்கிட்டுப் போறவங்க மொத மாசம் பூராம் இந்தத் திருகைத் திருகித்தான் விளையாடுவாங்க. நேர்த்தையல் பழகற வரைக்கும் இருவது டிசைன் எதுக்குங்க? ஒண்ணு போதும். முன்ன போகணும், பின்ன வரணும், நிறுத்துன எடத்துல நிக்கணும். ரிப்பேர்னா பக்கத்துல சாமான் கெடைக்கணும். தைக்கறப்ப மெசின் ஆடாம ஒக்காந்திருக்கணும். மொத மெசினுக்கு இவ்வளவுதான் பாக்கோணும்.”

அப்படிச் சொல்லிவிட்டு அவள் கை காட்டியது ஓரத்தில் வரிசையாக நின்ற கறுப்புக் கால் மெஷின்களை. இரும்பு ஸ்டாண்டு, தோல் பெல்ட், பெரிய சக்கரம்.

“அய்ய, இதுவா?” என்றான் பாண்டித்துரை. “இந்தக் காலத்துல யாருங்க இத மிதிக்கிறது?”

“பழகினப்பறம் மோட்டார் மாட்டிக்கலாங்க சார். மாட்டவும் வேண்டியதில்ல, புடிச்சா அப்படியே ஓட்டலாம்.”

சித்ரகலா உட்கார்ந்தாள். நூர்ஜான் குனிந்து, வலது பக்கத்துக் கைச்சக்கரத்தை முதலில் தன் பக்கமாக உருட்டிவிட்டு, அது சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு பாதத்தாலும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும் என்று காட்டினாள். முதல் இரண்டு தடவை சக்கரம் பின்னால் போனது. மூன்றாவது தடவை டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு குத்தாக விழ ஆரம்பித்தது. அவள் மெதுவாக மிதித்தால் மெதுவாக விழுந்தது. நிறுத்தினால் நின்றது. ஒவ்வொரு குத்தும் காதில் தனித்தனியாகக் கேட்டது. தாளின் அடிவரைக்கும் கிழியாமல் போய்ச் சேர்ந்தது.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டிலிருந்து இரண்டு இடத்தில் விலகியிருந்தது. மற்றபடி ஓட்டைகள் ஒரே இடைவெளியில் இருந்தன.

“அக்கா, நூல் போட்டுத் துணியில ஓட்டிக் காட்டுறீங்களா? இதுலயும், பக்கத்துல இருக்குற புதுசுலயும்.”

பக்கத்து மெஷினும் அதே மாதிரிதான். அதன் மேல் தங்க நிறத்தில் கொடி ஓவியம் பளபளவென்றிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நூர்ஜான் இரண்டிலும் ஒரே வெள்ளைத் துணியில் ஒவ்வொரு சாண் ஓட்டிக் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் சித்ரகலா, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, கம்பெனியில் செய்வதைச் செய்தாள். துணியை மேஜையில் விரித்தாள். மேல்பக்கத்தில் விரலை ஓட்டினாள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தில் ஓட்டினாள். இரண்டு கையாலும் தையலைப் பக்கவாட்டில் இழுத்தாள். நகத்தால் ஒரு நூலை நெம்பினாள்.

“பளபளன்னு இருக்கறது வேணாம்க்கா,” என்றாள். “மேல நல்லா இருக்கு. அடியில நூல் லூசா நிக்குது. ஒரு இஞ்சுக்கு ஒரு தடவை ஒரு கண்ணி பெருசா விழுது. இதுல அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு.”

நூர்ஜான் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு துணியை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பின்பக்கம் திரும்பி, “ஏனுங்க, செத்த இங்க வாங்க,” என்றாள்.

கியாசுதீன் நெற்றி விளக்கோடு வந்தார். துணியைப் பார்த்தார். பளபளக்கிற மெஷினின் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே விளக்கைக் காட்டி, ஏதோ ஒன்றை விரலால் சுண்டினார்.

“ஆமாங்க. கொக்கி மயிரிழை தள்ளி இருக்குது. நேத்து நான் பாக்கறப்ப இது படலையே.” சித்ரகலாவை நிமிர்ந்து பார்த்தார். “எந்தக் கம்பெனிங்க நீங்க?”

“தைக்கத் தெரியாதுன்னாங்க,” என்றாள் நூர்ஜான் சிரித்துக்கொண்டே. “தையல் தெரிஞ்ச கண்ணுங்க இது. கையும் காலும்தான் இன்னும் பழகோணும்.”

சித்ரகலா அந்தத் துணியை வாங்கி மறுபடி விரலை ஓட்டினாள். பதினாலு வருஷமாகத் தன் வேலை தப்புப் பிடிக்கிற வேலை என்றே நினைத்திருந்தாள். தைக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற வேலை. ஒரு தையல் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தனை வருஷமும் கண் படித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாண்டித்துரைக்கு ஒருபக்கம் பெருமை. இன்னொரு பக்கம், டெய்லராக இருந்துகொண்டு ஓரமாக நிற்கிறோமே என்று இருந்திருக்க வேண்டும். “எந்திரி கலா, நான் ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்குறேன்,” என்று உட்கார்ந்தான்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவன் காலில் இருந்தது. பவர் மெஷினுக்கு மிதிக்கிற மாதிரி பெருவிரலால் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தான். சக்கரம் பாதி சுற்றி நின்று, பின்னால் உருண்டது. நூல் பட்டென்று அறுந்தது. நூர்ஜான் மறுபடி கோர்த்துக் கொடுத்தாள். மறுபடி அழுத்தினான். மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை துணிக்கு அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. கியாசுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நூர்ஜான் சிரிக்கவில்லை. சித்ரகலா அவன் காது மடல் சிவப்பதைப் பார்த்தாள்.

“டீ சொல்லிட்டு வாறேன்,” என்று எழுந்து வெளியே போனான்.

“கோவிச்சுக்கிட்டாருங்களா?” என்றாள் நூர்ஜான்.

“கோவமெல்லாம் இல்லக்கா. அவுகளுக்குத் தெரியாத மெஷின் ஒண்ணு இருக்கும்னு அவுக நெனைக்கல.”

திரும்பி வந்தபோது நாலு டீயும் ஒரு தட்டில் தேங்காய் பன்னும் கொண்டுவந்தான். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மெஷினைப் பார்க்காமல், “ஒனக்கு எது புடிச்சிருக்கு?” என்று கேட்டான். கறுப்பு மெஷினில் கை வைத்தாள். “சரி, அதையே கட்டச் சொல்லு,” என்றான். கூடவே அடிநூல் சுற்றுகிற பாபின் ஒரு டப்பா, பத்து ஊசி, எண்ணெய்க் குப்பி, துணி வெட்டும் கத்தரிக்கோல். நூர்ஜான் கடைசியாக ஒன்று சொன்னாள்: “மொதல்ல பனியன் துணியில தைக்காதீங்கம்மா. இந்த ஊர்ல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. கெடைக்கற துணி அதுதானே. அது இழுத்தா வரும், விட்டா சுருளும். பழைய காட்டன் சேலை இருந்தா கிழிச்சு அதுல பழகுங்க.”

குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

நூர்ஜான் சொன்னதைச் சித்ரகலா கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் வீட்டில் கம்பெனியில் மிஞ்சிய பனியன் கட்பீஸ் மூட்டையாகக் கிடக்கும்போது சேலையைக் கிழிக்க மனம் வரவில்லை. முதல் நாளே இரண்டு துண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்தாள். அது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டு வந்தது. நடுநடுவே தையலே விழவில்லை. அன்றைக்கே பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம். நேர்கோடு. பக்கத்தில் இன்னொரு நேர்கோடு. திருப்பம். அடியில் நூல் கூடு கட்டினால், மேல்நூலை ஏறி இறங்குகிற கொக்கியில் மாட்ட மறந்திருக்கிறோம் என்பதைத் தானே கண்டுபிடித்தாள். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

பாண்டித்துரை நாலு நாள் மெஷின் பக்கம் வரவே இல்லை. அவள் மிதிக்கும்போது டிவியைப் பார்த்தான். டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் காலை, தண்ணீர் பிடித்துவிட்டுக் குடத்தோடு படியேறும்போது உள்ளே டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பிறகு பட். கொஞ்சம் அமைதி. மறுபடி டிக், டிக், பட். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லுங்கியோடு உட்கார்ந்து, செய்தித்தாளையும் சேலைத் துண்டையும் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருக்க வேண்டியவன்.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

“கையால சக்கரத்த உங்க பக்கம் உருட்டுங்க. அது சுத்துனதுக்கப்பறம் மிதிங்க. அழுத்திப் பிடிக்கக் கூடாது.”

அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னபடி செய்தான். ஒரு சாண் தூரம் ஓடியது. நின்றது. துணியை வெளியே எடுத்து, அவளிடம் நீட்டினான். அவள் மேலும் கீழும் பார்த்து, “நல்லாருக்கு,” என்றாள்.

“கலா, ஒண்ணு சொல்லட்டா?” சக்கரத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். “இருவத்திரெண்டு வருசத்துல நான் ஒரு முழு உருப்படி தச்சதே இல்ல. மொதல்ல மூணு வருசம் பக்கம் மூட்டுனேன். அதுக்கப்பறம் பூராவும் கை. கை வந்தா கைய மாட்டித் தள்ளிருவேன். கழுத்த இன்னொருத்தன் வப்பான், அடிய இன்னொருத்தன் மடிப்பான். எத்தன லட்சம் கை மாட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா ஒரு துணிய வெட்டி, தச்சு, இந்தா போட்டுக்கன்னு ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. ஒனக்குச் சொல்லிக் குடுத்துறலாம்னு நெனச்சேன். எங்கிட்ட சொல்லிக் குடுக்க என்ன இருக்கு?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தனக்குத் தெரியாது என்பது மட்டுமே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரியாது என்பதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது.

“ஞாயித்துக்கெழம ஒரு உள்பாவாடை தைப்போம்,” என்றாள். “பொன்னாத்தா அக்காகிட்ட எப்படி வெட்டறதுன்னு கேட்டுட்டு வாறேன்.”

கேட்கவும் செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பொன்னாத்தாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பொன்னாத்தாள் முதலில் எதற்கு வந்திருக்கிறாளோ என்று பார்த்தாள். மெஷின் வாங்கிய கதையைக் கேட்டதும் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். தரையில் விரலால் கோடு போட்டு, ஆறு துண்டு வெட்டுவது எப்படி, மேலே குறுகி அடியில் விரிவது எப்படி என்று காட்டினாள். “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க அம்மிணி,” என்றாள் நடுவில். “நீங்க பேசலேன்னா நான் மெஷின் வாங்கியிருக்க மாட்டேன்க்கா,” என்றாள் சித்ரகலா. அதற்கப்புறமும் பொன்னாத்தாளின் பீஸில் சுருக்கம் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டத்தான் செய்தாள். ஆனால் எழுந்து போய், பட்டியை எந்த இடத்தில் இழுத்துப் பிடிக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்து ஒட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததில் பொன்னாத்தாளின் மெஷினில் ஒரு வழிகாட்டித் தகடு தேய்ந்திருந்தது தெரிந்தது. அதை மாற்றியதும் சுருக்கம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை உள்பாவாடைக்குக் கருநீல பாப்ளின் வாங்கினார்கள். பாண்டித்துரை அளந்தான், சித்ரகலா வெட்டினாள். நீளத் தையல் ஆறையும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அவன் மூன்று தைத்து முடிக்கும்போது கால் பழகிவிட்டிருந்தது. வேகமாக மிதிக்க ஆரம்பித்தான். “மெதுவா, மெதுவா,” என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. அடிமடிப்பை அவன் மடித்தான். இடுப்புப் பட்டியை அவள் வைத்தாள். நாலு மணிக்கு ஆரம்பித்தது, ஆறே முக்காலுக்கு முடிந்தது. விரித்துப் பிடித்து, மேலும் கீழும் பார்த்து, ஒரு கண்ணிகூட விடவில்லை என்று அவள் சொன்னாள்.

அவன் நாடாவை எடுத்து, ஊக்கில் மாட்டிக்கொண்டு, பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“கலா, நாடாவ எது வழியா விடுறது?”

பட்டியை முழுக்கச் சுற்றி மூடித் தைத்திருந்தாள். வாயே இல்லை. பதினாலு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் கண்ணில் அது படவில்லை. இரண்டு பேரும் அந்த இடுப்புப் பட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முதலில் அவன்தான் சிரித்தான். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு ராமாயி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு அங்குலம் பிரித்து, ஓரத்தை மடித்துத் தைத்து, நாடாவைக் கோர்த்தார்கள்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். சேலைக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? கம்பெனிப் படியேறும்போது ஒரு நிமிஷம் நின்று, ஓரம் தட்டவில்லை, கணுக்காலுக்குச் சரியாக நிற்கிறது என்று குனியாமலே தெரிந்துகொண்டாள். பகல் முழுக்க அந்த நினைப்பு அவளோடு இருந்தது. குவியல் வந்தது, பார்த்தாள், ஒதுக்கினாள், மடித்தாள். வாய் மட்டும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாண்டித்துரை ஒரு பையோடு வந்தான். உள்ளே சின்னக் கட்டம் போட்ட சட்டைத் துணி.

“எனக்கு. ஊருக்குப் போறப்ப போட்டுக்கிட்டுப் போகணும். நாமளே தச்சிருவோம்.”

“சட்டையா? காலர் வைக்கணுமே?”

“வைக்கத்தான் வேணும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஒனக்கு?”

“எனக்கும் தெரியாது.”

“ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னா நல்லதுதான். யாரு சொல்றது சரின்னு சண்ட வராது.”

அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிப்பதற்குள், அவனுடைய நைந்துபோன பழைய சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு சட்டைக்குக் காலர் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.